கடைசி வரியையும் படியுங்கள்: பூந்தமல்லி ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

பூந்தமல்லி பேருந்து நிலையத்திலும் குமணன்சாவடி முனையிலும் கரையான்சாவடி ஸ்டாண்டிலும் வண்டியோடு நிற்கும் அண்ணன்மார்களே, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர்களே, பெங்களூரு நெடுஞ்சாலையில் ராவெல்லாம் கன்டெய்னர் ஓட்டுகிறவர்களே,

டிரங்க் ரோட்டுப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். உங்களில் பலருக்கு என் பெயர் தெரியாது, முகம் தெரியும். ரப்பர் பட்டையைக் கட்டி, "கையை மடக்குங்கண்ணா" என்று சொல்லி ஊசி போடுகிறவள் நான். சாயங்காலம் ரிப்போர்ட் வாங்க வருவீர்கள். கவுண்டர் முன்னால் நின்றபடியே கவரைப் பிரித்து, முதல் வரியைப் பார்ப்பீர்கள். டோட்டல் கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழே இருந்தால் முகம் தெளிந்துவிடும். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய்விடுவீர்கள். அதே தாளின் அடியில் இன்னொரு வரி இருக்கிறது. இத்தனை வருடத்தில் அதைப் படித்துவிட்டு என்னிடம் கேள்வி கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வரிக்காகத்தான் இந்த மடல்.

என் அப்பாவும் உங்களில் ஒருவர்தான். ஆவடி ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஒருநாள் விடியற்காலை டீக்கடையில் நிற்கும்போது வலது கையிலிருந்த கிளாஸ் நழுவி விழுந்தது. ஏதோ சொல்ல வந்தார், நாக்கு குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. "பித்தம்", "ராத்தூக்கம் இல்லை", "சூடு" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எலுமிச்சை சாறு குடித்துவிட்டு அன்றைக்கே ஆறு ட்ரிப் அடித்தார். நான்காம் நாள் காலை அவரால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வாதம் என்றால் எண்ணெய் போட்டு உருவ வேண்டும் என்று ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. கழுத்தின் இடது பக்கம் ஸ்கேன் எடுத்த டாக்டர், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்து பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது என்றார். அது ஒரே ராத்திரியில் வந்ததல்ல, வருடக்கணக்கில் வளர்ந்தது என்றும் சொன்னார்.

அதற்கு மூன்று மாதம் முன்புதான் அப்பாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தோம். டோட்டல் கொலஸ்ட்ரால் 186. கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். 98. ரெண்டுமே நார்மல் கட்டத்துக்குள். நானும் அந்த ரெண்டைத்தான் பார்த்தேன். தினமும் நூறு ரிப்போர்ட் அச்சடிக்கிற நானே என் அப்பாவின் தாளை அடிவரைக்கும் படிக்கவில்லை. அதில் நல்ல கொழுப்பு என்கிற ஹெச்.டி.எல். 30, ட்ரைகிளிசரைடு 290 என்று இருந்தது. கடைசி வரியில் விகிதம் 6.2 என்று இருந்தது.

அந்த 6.2 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். உங்களுக்கு வாடகைக் கணக்கு போடத் தெரியும், இதுவும் அவ்வளவுதான். டோட்டல் கொலஸ்ட்ராலை ஹெச்.டி.எல்.ஆல் வகுக்க வேண்டும். 186-ஐ 30-ஆல் வகுத்தால் 6.2. இந்த விகிதம் மூன்றரை அளவில் இருப்பது நல்லது. 5-ஐத் தாண்டினால் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ல் தொடங்கிய இதய ஆய்வை நெடுங்காலம் நடத்திய டாக்டர் வில்லியம் காஸ்டெல்லி இந்த விகிதத்தை உலகமெங்கும் கொண்டுபோனார். இன்றைக்கும் மருத்துவ நூல்களில் அது அவர் பெயரில்தான் இருக்கிறது.

இன்னொரு கணக்கு இதைவிட எளிது. டோட்டலிலிருந்து ஹெச்.டி.எல்.லைக் கழியுங்கள். மிச்சம் இருப்பது அத்தனையும் குழாய்ச் சுவரில் ஒட்டக்கூடிய கொழுப்பு. அதை ‘நான் ஹெச்.டி.எல்.’ என்பார்கள். அப்பாவுக்கு 156. பொதுவாக இது 130-க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தவர்களுக்கு டாக்டர்கள் இன்னும் கீழே, 100-க்கும் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். இந்திய லிப்பிட் சங்கம் எல்.டி.எல்.லோடு சேர்த்து இந்த எண்ணையும் சிகிச்சையின் இலக்காக வைத்திருக்கிறது.

"எல்.டி.எல். 98 தானே இருந்தது, அப்புறம் எப்படி?" என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். பெரும்பாலான லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. 1972-ல் ஃப்ரீட்வால்டு என்ற அமெரிக்க டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் சொன்ன சூத்திரப்படி கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். ட்ரைகிளிசரைடு ஏற ஏற அந்தக் கணக்கு தடுமாறும், 400-ஐத் தாண்டினால் அதைப் பயன்படுத்தவே கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. நூறு பேரை ரெண்டு பஸ்ஸில் ஏற்றலாம், பத்து ஷேர் ஆட்டோவிலும் ஏற்றலாம். பயணிகள் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் குமணன்சாவடி சிக்னல் அடைபடுவது வண்டிகளின் எண்ணிக்கையால்தான் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொலஸ்ட்ரால் என்பது பயணி. அதைச் சுமந்து போகும் துகள்தான் வண்டி. ட்ரைகிளிசரைடு கூடி ஹெச்.டி.எல். குறைந்தவர்களின் ரத்தத்தில் எல்.டி.எல். துகள்கள் சின்னச் சின்னதாக, எண்ணிக்கையில் அதிகமாக ஓடும். தாளில் 98 என்ற எடைதான் தெரியும். சுவரில் எத்தனை துகள் மோதுகிறது என்பது தெரியாது. அடி வரியில் இருக்கும் விகிதம் அதைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். அந்தத் துகள்களை எண்ணிப் பார்க்க அப்போ-பி என்று தனிப் பரிசோதனையும் இருக்கிறது.

இது என் அப்பாவோடு நிற்கும் கதை அல்ல, நம் மக்களின் ரத்தமே பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு தமிழ்நாட்டையும் சேர்த்து நாலு பகுதிகளில் எடுத்த முடிவை 2014-ல் வெளியிட்டார்கள். டோட்டல் கொலஸ்ட்ரால் கூடியவர்கள் 13.9 சதவீதம்தான். ஹெச்.டி.எல். குறைந்தவர்களோ 72.3 சதவீதம். ட்ரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5 சதவீதம். முதல் வரியை மட்டும் பார்த்தால் நூறில் எண்பத்தாறு பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஏதாவது ஒரு வரியில் கோளாறு உள்ளவர்கள் அதே ஆய்வில் 79 சதவீதம். அந்த 13.9-க்கும் இந்த 79-க்கும் நடுவே இருக்கிற கூட்டத்தில்தான் அப்பாவும் இருந்தார், நீங்களும் இருக்கலாம்.

இனி கழுத்துக்கு வருகிறேன். தாடைக்குக் கீழே, குரல்வளைக்கு ரெண்டு பக்கமும் விரல் வைத்தால் துடிப்பது கரோடிட் தமனி. இதயத்திலிருந்து மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய். குரல்வளையின் மேல்விளிம்பு உயரத்தில் அது ரெண்டாகக் கவைக்கும். ஒரு கிளை முகத்துக்கு, ஒரு கிளை மூளைக்கு. கவைக்கிற இடத்தில் ரத்தம் நேராக ஓடாமல் ஓரத்தில் சுழன்று தேங்கும். பிரஷர் அந்தச் சுவரை நோகடிக்கும். பீடியும் சிகரெட்டும் சுவரின் வழுவழுப்பைக் கெடுக்கும். சர்க்கரை அதைத் தடிக்க வைக்கும். கொழுப்புத் துகள் உள்ளே நுழைந்து அங்கேயே தங்கும். அதை விழுங்க வரும் வெள்ளை அணுக்களும் கொழுப்பு நிறைந்து அங்கேயே மடியும். மேலே ஒரு மெல்லிய மூடி வளரும். இதைத்தான் பிளாக் என்கிறார்கள். ஒருநாள் மூடி கிழியும், அதன்மேல் ரத்தம் உறையும், உறைந்த துண்டு பிய்ந்து மூளைக்குள் போய் ஒரு சின்னக் குழாயை அடைக்கும். இடது கழுத்திலிருந்து போனால் வலது கை, வலது கால், பெரும்பாலோருக்குப் பேச்சும் போகும். இதில் எங்கேயும் வலி கிடையாது. அதனால்தான் யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். திருமங்கலத்திலும் தி.நகரிலும் குடியிருப்பவர்களிடம் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய ஆய்வு 2000-ல் வெளிவந்தது. கழுத்துத் தமனியின் உட்சுவர் 1.1 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 20 சதவீதம். இல்லாதவர்களில் 1 சதவீதம். சர்க்கரை இருப்பவர்கள் இந்த ரெண்டு எண்ணையும் மறக்கவே கூடாது.

"அப்படியென்றால் நாளைக்கே எல்லோரும் கழுத்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா?" வேண்டாம் அண்ணா. லேப்பில் வேலை பார்க்கிறவளே இதைச் சொல்கிறேன். எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கெல்லாம் கழுத்து டாப்ளர் எடுப்பதால் நன்மையைவிடத் தேவையில்லாத பயமும் சிகிச்சையும்தான் கூடும் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2021-லும் உறுதியாகச் சொன்னது. பேக்கேஜ் விளம்பரத்தைப் பார்த்துக் காசைக் கொட்டாதீர்கள். நம் ஆட்களுக்கு மண்டைக்குள்ளே இருக்கும் குழாய்களிலும் அடைப்பு அதிகம் வருகிறது. கழுத்து சுத்தமாக இருக்கிறது என்பதாலேயே தப்பித்தோம் என்று ஆகிவிடாது. ஸ்கேன் யாருக்கு வேண்டும் என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆனால் ஒரு கூட்டத்துக்கு அது கட்டாயம், அதுவும் அன்றைக்கே. என் அப்பாவைப் போல, அறிகுறி வந்து தானாகச் சரியாகிப் போனவர்களின் கூட்டம் அது.

கை சட்டென்று மரத்து, பத்து நிமிடத்தில் சரியாவது. வாய் ஒரு பக்கம் கோணுவது. வார்த்தை வராமல் திணறுவது. ஒரு கண்ணில் மட்டும் ஷட்டர் இறங்குவதுபோல் இருண்டு, பிறகு தெளிவது. இதை மினி ஸ்ட்ரோக் என்பார்கள். சரியாகிவிட்டது என்பதால் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இப்படி வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பக்கவாதம் வந்ததாகவும், அதில் பாதி முதல் ரெண்டு நாளிலேயே வந்ததாகவும் 2000-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு கண்டது. எலுமிச்சை சாறு குடித்து நாங்கள் இழந்தது அந்த நாட்களைத்தான். அந்த நேரத்தில் கழுத்து ஸ்கேனில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு தெரிந்தால் அறுவை செய்து பிளாக்கை எடுத்துவிட முடியும். 1991-ல் வட அமெரிக்காவில் முடிந்த நாஸ்கெட் ஆய்வில், மருந்து மட்டும் வாங்கியவர்களில் ரெண்டு வருடத்தில் நூற்றுக்கு 26 பேருக்கு அடைப்பிருந்த பக்கத்து மூளையில் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 9 பேருக்குத்தான்.

பக்கவாதமே வந்துவிட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். முகம் கோணுகிறதா, தூக்கிய கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, எத்தனை மணிக்குத் தொடங்கியது? இந்த நாலையும் பார்த்துவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சி.டி. ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரிய குழாய் அடைத்தவர்களில் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட குழாய் வழியாகவே உறைகட்டியை எடுக்க முடிகிறது. ஆனாலும் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திலும் சுமார் 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் சாகின்றன. நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின் போடும் பழக்கத்தில் இதற்கும் வீட்டிலேயே கொடுத்துவிடாதீர்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும், கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே எமன். வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம், புரையேறும். எண்ணெய் உருவுவது, கையில் குத்தி ரத்தம் எடுப்பது எதுவும் வேண்டாம். பூந்தமல்லி ஹை ரோடு என்று நாம் சொல்லும் இந்தச் சாலையின் அந்த முனையில்தான் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது, வழியிலேயே கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையும் இருக்கிறது. அந்தச் சாலையில் எந்த நேரத்தில் எங்கே நெரிசல், எந்தச் சந்தில் புகுந்தால் வெளியே வரலாம் என்று உங்களைவிடத் தெரிந்தவர்கள் யார்? ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, "ஹெச்.டி.எல்.லை ஏற்றினால் விகிதம் இறங்கிவிடுமே" என்று பவுடரும் கஷாயமும் தேடாதீர்கள். அது தவறான வழி. ஹெச்.டி.எல்.லை வெகுவாக ஏற்றிய டார்செட்ராபிப் என்ற மருந்தை 2006-ல் பரிசோதனையின் நடுவிலேயே நிறுத்தினார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் சாவு கூடியிருந்தது. நியாசின் என்ற மருந்தும் எண்ணை ஏற்றியது, நோயைத் தடுக்கவில்லை. விகிதம் டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கு. பல்பைக் கழற்றிவிட்டால் இன்ஜின் சரியாகாது. இறக்க வேண்டியது எல்.டி.எல்.லை, நான் ஹெச்.டி.எல்.லை, பிரஷரை, சர்க்கரையை.

அதில் பிரஷருக்குத்தான் முதல் இடம். கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் கனடாவிலிருந்து வழிநடத்திய குழு, இந்தியா உட்பட 32 நாடுகளில் நடத்திய இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வை 2016-ல் வெளியிட்டது. உலகின் பக்கவாதங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு, நம்மால் மாற்றிக்கொள்ளக்கூடிய பத்தே காரணங்கள் இருந்தன. முதலில் ரத்த அழுத்தம். புகை, சர்க்கரை, தொப்பை, உணவு, அசைவில்லாத உடம்பு, குடி, மன அழுத்தம், இதயக் கோளாறு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பத்தில் ஒன்று கொழுப்பின் விகிதம். டோட்டல் கொலஸ்ட்ராலை அல்ல, அப்போ-பி-க்கும் ஹெச்.டி.எல். துகளில் இருக்கும் அப்போ-ஏ-1-க்கும் உள்ள விகிதத்தைத்தான் அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையை எழுதிக் கொடுத்தால், "கல்லீரல் போய்விடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மூன்றாம் மாதம் நிறுத்திவிடுகிறீர்கள். பக்கவாதமோ மினி ஸ்ட்ரோக்கோ வந்தவர்களிடம் அடோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாடினைக் கொடுத்துப் பார்த்த ஸ்பார்க்கல் ஆய்வில், மறுபடி பக்கவாதம் வருவது 16 சதவீதம் குறைந்தது. அது 2006-ல் வெளிவந்து இத்தனை வருடமாகிவிட்டது. உடம்பு வலித்தால் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. உங்கள் வீட்டுப் பெண்கள் அதில் பெயர் கொடுத்து வாங்குகிறார்கள், நீங்கள்தான் ட்ரிப்பில் இருக்கிறீர்கள்.

சாப்பாட்டில் உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்குத் திறந்திருப்பது பரோட்டாக் கடைதான். ஆனாலும் சில மாற்றங்கள் முடியும். ஒரு நாளைக்கு எட்டு டீ என்றால் நாலில் சர்க்கரையை விடுங்கள். பஜ்ஜிக்குப் பதில் சுண்டலோ வேர்க்கடலையோ வாங்குங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காயைக் கூட்டுங்கள், ட்ரைகிளிசரைடு தானாக இறங்கும். குடித்தால் அது ஏறும். மத்தியும் கானாங்கெளுத்தியும் விலை மலிவு, நல்லது. சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் சீட்டிலேயே சாயாமல் வண்டியைச் சுற்றியாவது நடங்கள். சலூனில் கழுத்தை நெட்டி முறிக்கச் சொல்லாதீர்கள். அப்படி முறுக்கும்போது மூளைக்குப் போகும் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வர வாய்ப்பிருக்கிறது என்று நரம்பியல் டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

வெறும் வயிற்றில் வர முடியவில்லை என்றுதான் பலர் பரிசோதனையையே தள்ளிப்போடுகிறீர்கள். டோட்டலும் ஹெச்.டி.எல்.லும் சாப்பிட்டதால் பெரிதாக மாறாது. விகிதமும் நான் ஹெச்.டி.எல்.லும் அவற்றிலிருந்துதான் வருகின்றன. ஷிஃப்ட் முடிந்து எப்போது முடியுமோ அப்போது வாருங்கள். ட்ரைகிளிசரைடு மிகவும் கூடியிருந்தால் மட்டும் இன்னொரு நாள் வெறும் வயிற்றில் பார்க்கலாம்.

ஸ்டாண்டு சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆயுத பூஜைக்கு வண்டிகளை வரிசையாக நிறுத்திச் சந்தனம் வைக்கும் நாளில், ஒரு பி.பி. மிஷினும் ஒரு நோட்டும் வையுங்கள். ஒவ்வொருவருக்கும் பிரஷர், சர்க்கரை, டோட்டல், ஹெச்.டி.எல். எழுதுங்கள். கழித்ததையும் வகுத்ததையும் பக்கத்தில் எழுதுங்கள். வண்டிக்கு எஃப்.சி. தேதி மறக்காத நீங்கள் இதையும் மறக்க மாட்டீர்கள். முகம், கை, பேச்சு, நேரம் என்று நாலு வார்த்தையை ஸ்டாண்டு பலகையில் எழுதி, கீழே 108 என்று போடுங்கள்.

அப்பா இப்போது கைத்தடி பிடித்து நடக்கிறார். பேச்சு பாதி வந்திருக்கிறது. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ரோட்டில் போகிற ஷேர் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்டாண்டுக்காரர் யாராவது வண்டியை நிறுத்தி அவரிடம் பேசினால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவார்.

அடுத்த தடவை கவுண்டரில் ரிப்போர்ட்டை வாங்கினதும் மடிக்காதீர்கள். கடைசி வரிவரை படியுங்கள். புரியாவிட்டால் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள், எவ்வளவு கூட்டம் இருந்தாலும் நின்று சொல்கிறேன்.

இப்படிக்கு,
டிரங்க் ரோட்டில் உங்களுக்கு ஊசி போடும் தங்கச்சி